நெடுநாள் நின்ற மோரிஸ் மைனரை மீண்டும் ஓட வைப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி கடலோரத்துக்கான வழிமுறை

ஷெட்டில் பத்துப் பதினைந்து வருஷமாக நின்றுவிட்ட மோரிஸ் மைனர் காரைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை ஒன்றுதான். ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, செல்ஃப் அடித்துப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான்கு பேரைச் சேர்த்துத் தெருவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். நின்ற காலத்தில் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தைவிட அந்தப் பத்து நிமிஷத்தில் ஏற்படும் சேதம் பெரிது. பேரிங்கில் இருந்த எண்ணெய் வடிந்து எப்போதோ காய்ந்திருக்கும். சிலிண்டர் சுவரில் பிடித்த துரு ரிங்கை உடைக்கும். ஒட்டிக்கொண்ட வால்வு ஒன்று இருந்தாலும் புஷ் ராடு வளையும். இதையெல்லாம் தாண்டி எஞ்ஜின் ஓடிவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் நிறுத்தப் பிரேக் இருக்காது.

இங்கே சொல்லும் அளவுகள் மோரிஸ் மைனர் 1000-க்கு உரியவை. 1956 முதல் வந்த 948 சிசி எஞ்ஜினுக்கும் 1962 முதல் வந்த 1098 சிசி எஞ்ஜினுக்கும் பெரும்பாலும் ஒரே அளவுதான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களும் வேலை வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை மட்டும் அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வண்டியைத் தொடாமல் பாருங்கள்

பானெட்டைத் திறந்ததும் கையை உள்ளே விட வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் கிளீனர், சீட்டுக்கு அடிப்புறம், டேஷ்போர்டின் பின்பக்கம், டிக்கி என எங்கும் எலி கூடு கட்டியிருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். நீளமான கம்பால் தட்டிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். எலி கடித்த ஒயரைத் துணி சுற்றி அப்படியே விடாதீர்கள். இந்த வண்டியில் ஃபியூஸ் இரண்டே இரண்டுதான், பல ஒயர்கள் ஃபியூஸ் வழியாகப் போவதே இல்லை. ஓர் இடத்தில் உரசினாலே வண்டி எரியும்.

அடுத்து, தண்ணீர் ஏறிய கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று இந்தக் கரை புயலைப் பார்த்தது. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் தெருத் தெருவாகத் தண்ணீர் நின்றது, அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை பொங்கிக் கடலூரிலும் புகுந்தது. கதவின் உள் அட்டையிலோ சீட்டின் அடியிலோ மண் கோடு தெரிந்தால், கியர் பாக்ஸ், பின் ஆக்சில், வீல் பேரிங், செல்ஃப், டைனமோ ஐந்தையும் கழற்றாமல் வண்டியை ஓட்ட முடியாது. எஞ்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தும்போது எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தால், பேரிங் பார்க்க சம்பையே இறக்குங்கள்.

மூன்றாவது துரு. மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அதனால் அடிப்பகுதியில் பிடித்த துரு அழகைக் கெடுப்பதோடு நிற்காது, வண்டியின் பலத்தையே தின்றுவிடும். ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால் நான்கு இடங்களைக் குத்திப் பாருங்கள்: முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பரின் இரு முனைகள், கதவுக்கு அடியில் உள்ள சில், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், எஞ்ஜினுக்குக் கீழே முன்னோக்கிப் போகும் இரண்டு கால்கள். நல்ல தகடு என்றால் ‘டங்’ என்று சத்தம் வரும். ‘பொத்’ என்று உள்ளே இறங்கினால் முதலில் டிங்கரிங் வேலை, எஞ்ஜின் அதற்குப் பிறகுதான். பெயின்ட் பூசி மூடிய துருவில் ஜாக்கி வைத்தால் ஜாக்கி மேலே ஏறும், வண்டி ஏறாது. பின்பக்கம் தூக்க ஆக்சில் குழாய்க்கு அடியில் ஜாக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையை ஒத்திப்போடுங்கள்.

பேட்டரி: எர்த் எந்தப் பக்கம்?

மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் ப்ளஸ் முனைதான் பாடிக்குப் போகும். இது தெரியாமல் இன்றைய வழக்கப்படி மைனஸை எர்த்தில் மாட்டுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. அப்படி மாட்டினாலும் செல்ஃப் மோட்டார் சரியான திசையிலேயே சுற்றும், விளக்கு எரியும், அதனால் தவறு வெளியே தெரியாது. டைனமோ சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும்போதுதான் விபரீதம். டைனமோவும் பேட்டரியும் ஒன்றையொன்று எதிர்க்காமல் சேர்ந்து மின்சாரத்தைத் தள்ள, ரெகுலேட்டர் பெட்டியின் கட்-அவுட் பாயிண்ட் ஒட்டி எரிந்துவிடும்.

முன்பு யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும். எர்த் பட்டை எந்த முனையில் இருந்தது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் காயிலையும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ஒயர், எர்த் எந்தக் குறியோ அதே குறியுள்ள முனையில் இருக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது ப்ளஸ் முனை. 12 வோல்ட், 40 ஆம்பியர்-அவர் அளவுள்ள பேட்டரி போதும். பேட்டரித் தட்டின் அடியில் ஆசிட் தின்ற தகட்டைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவைத்துப் பெயின்ட் அடியுங்கள். பேட்டரியை இப்போதைக்கு வெளியிலேயே வைத்திருங்கள்.

எஞ்ஜினைக் கையால் சுற்றுவது

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். இறுகியிருந்தால் முந்தின நாளே பிளக் அடியில் துரு நீக்கி எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். வேகம் காட்டினால் ஹெட்டில் உள்ள மரை போய்விடும். ஒவ்வொரு பிளக் துளையிலும் இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 10 மில்லி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து விடுங்கள். மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். துளைகளைத் துணியால் மூடி வைத்தால் கரப்பானும் மண்ணும் உள்ளே போகாது.

இதற்கிடையில் ராக்கர் கவரைக் கழற்றி, எட்டு வால்வு ஸ்பிரிங்கின் மேலும் ராக்கர் ஷாஃப்ட்டின் மேலும் எஞ்ஜின் ஆயில் ஊற்றுங்கள். பிறகு ஒவ்வொரு வால்வின் தலையிலும் மர ஹேண்டிலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வால்வு ஸ்பிரிங்கோடு இறங்கி டக்கென்று மேலே வரும். இறங்கியும் வராமல் நின்றாலோ, இறங்கவே மறுத்தாலோ அந்த வால்வு கைடில் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் விட்டு மறுபடி மறுபடித் தட்டி விடுவியுங்கள். அதற்குள் எஞ்ஜினைச் சுற்றினால் புஷ் ராடு வளைந்துவிடும்.

மூன்றாம் நாள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்னாலிருந்து கிராங்க் ஹேண்டிலை மாட்டுங்கள். பிடிக்கும்போது கட்டை விரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். ஹேண்டிலைச் சுற்றிக் கட்டை விரலைக் கோத்தால், எஞ்ஜின் திருப்பி அடிக்கும்போது விரல் உடையும். கீழிருந்து மேல்நோக்கி இழுப்பதுதான் முறை. சுற்றவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டி மல்லுக்கட்டாதீர்கள். நான்காவது கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஓர் அடி தூரம் அசையுங்கள். கொஞ்சம் நகர்ந்து எங்கோ முட்டி நின்றால், வந்த வழியே திருப்பிச் சுற்றி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். இரண்டு வாரமாகியும் அசையாவிட்டால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

சுற்ற ஆரம்பித்ததும் பிளக் இல்லாமலே இருபது சுற்று சுற்றி, உள்ளே ஊற்றிய திரவம் முழுவதையும் துளை வழியாக வெளியேற்றுங்கள். பிஸ்டன் மேல் திரவம் நிற்கும்போது பிளக் போட்டுச் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும்.

எண்ணெய் அழுத்தம் வந்த பிறகுதான் தீப்பொறி

பழைய எண்ணெயை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து சுமார் 3.7 லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில் பிடிக்கும். மைனரின் கியர் பாக்ஸுக்கும் எஞ்ஜின் ஆயில்தான், 1.3 லிட்டர். பின் ஆக்சிலுக்கு மட்டும் 90 நம்பர் இ.பி. ஆயில், 0.85 லிட்டர். கியர் பாக்ஸில் 90 நம்பர் ஊற்றினால் கியர் விழுவது கடினமாகிவிடும்.

இந்த எஞ்ஜினில் ஆயில் பம்பை கேம் ஷாஃப்ட் சுற்றுவதால், டிரில் மெஷின் மாட்டித் தனியாகச் சுற்ற வழியில்லை. பிளக் நான்கும் வெளியே இருக்க, பேட்டரியை மாட்டி, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். இடையில் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுங்கள். ஆயில் விளக்கு அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது. ஐந்தாறு முறைக்குப் பிறகும் அணையாவிட்டால் பம்பில் காற்று. எஞ்ஜினின் பின்பக்கம் ஆயில் குழாய் மாட்டும் இடத்தைத் திறந்து, ஆயில் கேனால் எண்ணெயைத் திணித்து மூடி மறுபடி முயலுங்கள். ராக்கரில் எண்ணெய் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

அப்படியே வால்வு இடைவெளியையும் சரி செய்துவிடலாம். எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது எட்டுக்கும் 0.012 அங்குலம். எதை எப்போது பிடிப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு உண்டு. முன்னாலிருந்து எண்ணி, எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருந்தால் ஒன்றாவதைச் சரி செய்யுங்கள், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

பெட்ரோல்

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் நாற்றம் அடித்தால் ஒரு சொட்டுகூடக் கார்புரேட்டருக்குப் போகக் கூடாது. டேங்க்கை இறக்கி, இரண்டு கைப்பிடி நட்டும் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் குலுக்கி, வடிப்பது தெளியும்வரை கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம் அது பெட்ரோல் டேங்க் என்று சொல்லுங்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

முதல் ஓட்டத்துக்கு டேங்கே வேண்டாம். ஒரு லிட்டர் உலோகக் கேனிலிருந்து பம்புக்கு நேராக ஹோஸ் கொடுங்கள். பானெட்டின் உள்ளே பின்சுவரில் இருக்கும் எஸ்.யூ. மின்சாரப் பம்பு, நெடுநாள் நின்றால் பெரும்பாலும் வேலை செய்யாது. உள்ளே உள்ள பாயிண்ட்டில் பச்சை படிந்திருக்கும், அவ்வளவுதான். கறுப்பு மூடியைக் கழற்றி, மெல்லிய எமரித் தாளைப் பாயிண்ட்டுக்கு இடையில் இரண்டு முறை இழுத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். அதன் சத்தமே நிலைமையைச் சொல்லும். ‘டக்டக்டக்’ என்று வேகமாக ஆரம்பித்து, மெதுவாகி, நின்றால் கார்புரேட்டர் தொட்டி நிரம்பிவிட்டது, பம்பு நலம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்து பெட்ரோல் வராவிட்டால், உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் காற்று புகுகிறது. அடித்துக்கொண்டே கார்புரேட்டர் வழிந்தால் தொட்டியின் ஊசி வால்வு மூடவில்லை. சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது டயஃபிரம் விறைத்துவிட்டது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. கடலூரிலிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரி முள்ளோடையில் போட்டாலும் அதுதான். பழைய ரப்பர் ஹோஸை அது இளக்கிவிடும், அதனால் பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கடற்கரையில் பாதி நிரம்பிய டேங்கோடு மாதக்கணக்கில் வண்டியை விட்டால் அடியில் தண்ணீர் தங்கி டேங்க் துருப்பிடிக்கும். ஓட்டுகிற வண்டி என்றால் நிரப்பி வையுங்கள், நிறுத்தப் போகிறீர்கள் என்றால் காலியாக்குங்கள்.

எஸ்.யூ. கார்புரேட்டரைக் கண்டு பயப்பட வேண்டாம், இதைவிட எளிய கார்புரேட்டர் இல்லை. மேல் மணிக்கும் பாடிக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பிஸ்டனைப் பெட்ரோலால் மட்டும் துடையுங்கள், எமரி கூடவே கூடாது. மறுபடி மாட்டியபின் விரலால் பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டொக்’ என்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை நடுவாக்க வேண்டும். மேலே உள்ள சின்ன மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் விட மறக்காதீர்கள். அது இல்லாமல்தான் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி இடறும். ஜெட் நட்டை முழுக்க மேலேற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்கினால் ஸ்டார்ட் ஆகும். இ20-க்கு இன்னும் ஒன்றிரண்டு முகம் இறக்க வேண்டியிருக்கும், ஒரு முகம் என்பது ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு.

தீப்பொறி, தண்ணீர்

பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025. சுடும் வரிசை 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், மூடி நான்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். சென்னை ஜி.பி. ரோடு கடைகளுக்குப் போகும்போது பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

ரேடியேட்டரில் எக்காரணம் கொண்டும் போர் தண்ணீர் வேண்டாம். நம் கரைப் பகுதித் தண்ணீரில் உப்பு அதிகம், பிளாக்கில் அடை அடையாகப் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து சுமார் 5 லிட்டர். அதற்கு முன் பிளாக்கின் பக்கத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் காலி என்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தினால் செந்நிறக் குழம்பாக வரும். நீர் தெளியும்வரை கீழிருந்து மேலாகக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

முதல் ஸ்டார்ட்

வண்டி வெட்டவெளியில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கத்தில் தீயணைப்பான் வைத்து, கியர் நியூட்ரலில். சோக்கை இழுத்துச் செல்ஃப் அடியுங்கள். ஓடியதும் கண் ஆயில் விளக்கில் இருக்கட்டும், ஐந்து விநாடியில் அணையாவிட்டால் நிறுத்துங்கள். ஐட்லிங்கில் விடாமல் 1200 முதல் 1500 ஆர்.பி.எம். வைத்து இருபது நிமிஷம் ஓட்டுங்கள். முதல் பத்து நிமிஷம் வரும் நீலப்புகை, ஊற்றிய எண்ணெய் எரிவது. வெள்ளைப்புகை அடங்காமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

கியர் போட்டால் கரகரவென்று அலறுகிறதா? கிளட்ச் பிளேட் ஃபிளை வீலோடு துருவால் ஒட்டிக்கொண்டது, கடலோரத்தில் வழக்கமாக வருவது. எஞ்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, பெடலை மிதித்து ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். பெரும்பாலும் மறுநாள் விட்டுவிடும்.

பிரேக்

இதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பணமும் நேரமும் ஒதுக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், நின்ற வண்டியில் சிலிண்டர் உள்ளிருந்தே அரிக்கிறது. மைனரில் வீல் சிலிண்டர் ஆறு: முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று. ஆறையும் பிரித்துப் பாருங்கள். உள்சுவரில் நகம் தட்டும்படி குழி இருந்தால் பக்கெட் ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை. நல்ல லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடலாம், இல்லையென்றால் புது சிலிண்டர். வளையும் ஹோஸ் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, மிதித்தால் ஆயிலை விடும், காலை எடுத்தால் திரும்ப விடாது. சக்கரம் பிடித்துக்கொண்டே சூடாகும்.

மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் நின்ற வண்டியில் முதலில் போவது அதுதான். அதன் போல்ட்டை உருவினால் பக்கத்தில் ஓடும் டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) இடிக்கும், அதை இறக்கினால்தான் போல்ட் வெளியே வரும். திரும்ப மாட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமாகச் செருகுங்கள், அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

டாட் 3 அல்லது டாட் 4 ஆயில் ஊற்றி, ஷூ அட்ஜஸ்டர் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு ஏர் எடுங்கள், அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பது வரிசை. பிறகு சக்கரம் உரசாமல் சுற்றும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஏர் எடுக்கும்போது கிளாஸில் பிடித்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள். பெடலை மிதித்தபடி ஒரு நிமிஷம் நில்லுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு.

முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் ஓட்டக் கூடாது. மரை தேய்ந்த ட்ரனியன் ஓடும்போது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி சாலையில் உட்கார்ந்துவிடும். எடையை ஜாக்கியில் தூக்கிவிட்டு, புது கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் புதிது போடுங்கள். டயர் எவ்வளவு பட்டன் தெரிந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். காற்று முன்னும் பின்னும் 22 பி.எஸ்.ஐ.

சாலைக்கு வரும் முன்

ஆர்.சி. புதுப்பித்தல், எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும். 50 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி வின்டேஜ் என்று வி.ஏ. எழுத்தோடு பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட அனுமதி இல்லை.

முதல் நாள் இரண்டு கிலோமீட்டர், உங்கள் நகருக்குள். திரும்பி வந்து நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுடக் கூடாது. இரண்டாம் வாரம் இருபது கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அதற்குப் பிறகு போகலாம், வீடு திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் எஞ்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். உள்ளே இளகிய கசடெல்லாம் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும். வால்வு இடைவெளியையும் பாயிண்ட்டையும் அப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.